புல்லில் வைத்து அடி

டமாரென்று தகரக் கூரை அதிர்ந்தது. ஷெட்டின் நிழலில் வரிசையாக நின்று பந்தடித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார்கள்.

"ஆலங்கட்டி மழையா?" என்றார் பல் டாக்டர்.

"இல்லைங்க, நம்ம கோணல்," என்றாள் அவர் மனைவி, நிமிராமலே.

சற்றுத் தள்ளி, மணல் குழிக்குள் முழங்கால்வரை மணலோடு நின்றிருந்தான் கோணல். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ஊரில் பாதிப் பேருக்கு வண்டியை நேராக ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். கோல்ஃப் பந்து மட்டும் அவன் பேச்சைக் கேட்காது. எங்கே குறி வைத்தாலும் வலது பக்கம் கோணிக்கொண்டு ஓடும். பெயர் வந்த கதை அதுதான்.

நாளைக் காலை ஜோடி ஆட்டம். இந்தப் பக்கம் அவனும் அவன் அக்காவும். அந்தப் பக்கம் பல் டாக்டரும் மனைவியும். தோற்கிற ஜோடி கிளப் அணியை விட்டு வெளியே. ஆட வராவிட்டாலும் தோல்விதான். அக்கா அந்த அணி தொடங்கியதிலிருந்து அதில் இருக்கிறாள். கூட ஆடியவள் வெளியூர் போய்விட, "என் தம்பி ஆடுவான்" என்று கமிட்டிக்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவை வெளியே தள்ளிய பழி தன் தலையில்தான் விழும்.

எதைப் பழகுவது? முதல் அடியையா, குட்டி அடியையா, கடைசியில் குழிக்குள் உருட்டுவதையா? ஆளுக்கொன்று சொன்னார்கள். யோசித்து யோசித்து அவனே ஒரு முடிவுக்கு வந்தான். தன் பந்து எப்படியும் மணலில்தான் போய் விழப்போகிறது. ஆகவே மணலிலிருந்து எடுப்பதைப் பழகிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வாரம் முழுக்க மணலே கதியென்று கிடந்தான்.

கார்க் கதவு சாத்தும் சத்தம். மருந்துக்கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு அக்கா வந்து குழியின் விளிம்பில் நின்றாள்.

"என்னடா, கிணறு வெட்டுறியா?"

"மணல் அடி பழகுறேன்க்கா. இப்ப பத்துக்கு ஏழு வெளியே வந்துடுது."

"நாளைக்கு எத்தனை பந்து?"

"ஜோடிக்கு ஒண்ணு. நீ ஒரு அடி, நான் ஒரு அடி, மாத்தி மாத்தி."

"நீ அடிச்சு மணல்ல போட்டா, அடுத்த அடி யாரோடது?"

கோணலுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் போடும் பந்தை எடுக்க மணலில் இறங்க வேண்டியவள் அக்கா. ஒரு வாரமாக அவன் பழகியது முழுவதும் அக்கா அடிக்க வேண்டிய அடி.

"மேலே ஏறி வா," என்றாள். "அஞ்சாம் நம்பர் மட்டையை எடு. தூர அடி மட்டும்தான். வேற எதையும் தொடாதே."

"அதுதான் எனக்கு வரவே வராதே! ஒரு சாயங்காலத்துல..."

"வர வை."

அவன் ஷெட்டுப் பக்கம் வந்து பந்தைத் தாங்கும் சின்ன மர ஆணியான டீயைத் தரையில் குத்தி, பந்தை அதன்மேல் வைத்தான். அக்கா காலாலேயே அதைத் தட்டிவிட்டாள்.

"டீ வேண்டாம். புல்லுல வச்சு அடி."

முதல் பந்து வலது பக்கம் வேலிக்குப் போயிற்று. இரண்டாவது தரையைக் கொத்தியது. பல் டாக்டர் தன் மட்டையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"இண்டிகேட்டர் போட்டுட்டுத் திரும்பச் சொல்லுங்கம்மா உங்க தம்பியை."

"நீங்க பிரேக்கைப் பார்த்துக்குங்க டாக்டர்," என்றாள் அக்கா. பிறகு தம்பியிடம், "பாதி வேகம் போதும். அவசரப்படாதே. திரும்ப அடி."

வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. உள்ளங்கை எரிந்தது. ஒரு பந்து நேராகப் போனது. அடுத்தது போகவில்லை. அதற்கடுத்து இரண்டு போயின. அக்கா பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. பந்து விழும் இடத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒண்ணு அடிச்சுக் காட்டுங்களேன்," என்றாள் டாக்டரின் மனைவி. "தம்பி பார்த்துக் கத்துக்கட்டும்."

"நாளைக்கு ஆட்டத்துல காசு கொடுக்காமலே பார்த்துக்குங்க," என்றாள் அக்கா.

அவர்கள் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார்கள். ஷெட் காலியானது. கோணல் அடுத்த பந்தை அடிக்காமல் நின்றான். ஏதோ உறுத்தியது.

"அக்கா, டீ முதல் அடிக்கு மட்டும்தான். டீ இல்லாம அடிக்கிறேன்னா, நீ அடிச்ச பந்தை நான் அடிக்கிறேன்னு அர்த்தம்."

"ம்."

"உன் அடி பாதி மைதானத்தைத் தாண்டிடுமே. மிச்சம் எனக்குக் குட்டி அடிதானே வரும். எதுக்கு இவ்வளவு தூரம் பழகச் சொல்றே?"

அக்கா காலாலேயே அடுத்த பந்தை அவன் முன்னால் தள்ளினாள். அவன் மட்டையை அவளிடம் நீட்டினான்.

"ஒரே ஒரு அடி. எனக்காக."

அவள் இடது கையால் வாங்கினாள். வாசல் பக்கம் ஒருமுறை திரும்பி, டாக்டரின் கார் போய்விட்டதா என்று பார்த்தாள். மட்டையை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"வலது கை தோளுக்கு மேல எழும்பியே ஒரு மாசம் ஆச்சுடா, என்னால தட்டித்தான் விட முடியும், தூரம் முழுக்க உன்னோடது."