குங்குமம் வைத்த சிப்

சனிக்கிழமை லியோனார்ட் அண்ணனுக்குக் குருப்பட்டம். வியாழக்கிழமை காலையில், அன்று அவன் போட வேண்டிய பூசை உடுப்பு எங்கள் சாந்தோம் வீட்டு முன்னறையில், எம்பிராய்டரி மெஷினின் சட்டத்தில் மாட்டியபடி கிடந்தது. வலது பக்கம் திராட்சைக் கொடி முழுதாக ஏறியிருந்தது. இடது பக்கம் வெறும் வெள்ளைத் துணி.

எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த யார் சாமியார் ஆனாலும் முதல் உடுப்பை அவர் வீட்டார் கொடுப்பதுதான் வழக்கம். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைச் செய்து கொடுத்தது அம்மாதான். கிளாடிஸ் டீச்சர் கைவேலை என்றால் பங்கில் எல்லோருக்கும் தெரியும். இப்போது சொந்தப் பிள்ளையின் உடுப்பு பாதியில் நின்றுவிட்டது.

நின்றதற்குக் காரணம் மூத்த அண்ணன் மேத்யூவின் பயம். ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்த நிற நூல் என்று மெஷினுக்குச் சொல்வது பக்கத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டர். நான் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்தது. "இது எந்த நிமிஷமும் செத்துடும்மா. உடுப்பு முடியறதுக்குள்ள போச்சுன்னா என்ன பண்ணுவே?" என்று சொல்லிக்கொண்டே இருந்தவன், புதன்கிழமை புதுக் கம்ப்யூட்டரோடு வந்தான். ப்ரோகிராமை அதற்கு மாற்றினான். பழைய பெட்டியைக் கோடம்பாக்கத்தில் ஒரு காயலான் கடையில் போட்டுவிட்டான்.

புதுசில் ப்ரோகிராம் திறக்கவே இல்லை. ஒரு வரி வந்தது, உடனே அணைந்தது.

"புதுசு ரொம்ப வேகம். அதுதான் பிரச்சினை" என்றான் மேத்யூ. "இந்த ப்ரோகிராம் ஆரம்பிக்கும்போது கம்ப்யூட்டர் என்ன வேகம்னு ஒரு தடவை எண்ணிப் பார்க்கும். எழுதினவன் இவ்வளவு வேகம் வரும்னு நினைக்கல. எண்ணிக்கை எல்லை மீறிப் போயிடுது, படுத்துடுது."

மெஷினுக்கு நூல் கோத்துக் கொடுக்கும் வேலம்மா நம்பவில்லை. "வேகமா ஓடறது தப்பா தம்பி?"

"கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி இருக்கிற சிப்பை முதல்ல கணக்குப் போடற மெஷினுக்காகத்தான் செஞ்சாங்க வேலம்மா. அதுல ரெண்டாயிரத்துச் சொச்சம் ஸ்விட்ச். இப்ப நகம் அளவு சிப்புல ஆயிரம் கோடிக்கு மேல இருக்கு."

"அத்தினி கோடி கீதுன்ற. ஒரு திராட்சை போடத் தெர்லியே அதுக்கு?"

மேத்யூ வேகத்தைக் குறைக்கும் வித்தை எல்லாம் செய்து பார்த்தான். ப்ரோகிராம் திறந்தது. கிழிசல் துணியில் ஓட்டினோம். ஊசி தடுமாறி ஒரே இடத்தில் குத்திக் குத்தி ஓட்டை போட்டது. அம்மா பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். "ஒரு பக்கம் மட்டும் காய்ச்ச கொடியோட பீடத்துல நிக்கப்போறான் என் புள்ள" என்றாள்.

மேத்யூ ஆபீசுக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. அங்கிருந்துதான் பழைய பெட்டியைத் திரும்பக் கேட்டுக் காயலான் கடைக்குப் பேசிவிட்டு எனக்கு போன் செய்தான். "சோஃபி, பெட்டி கிடக்குதாம். ஆனா கடைக்காரர் சிப்பைக் கழட்டிட்டாராம். பழைய சிப்புலேர்ந்து தங்கம் எடுக்கிறவங்க வண்டி மத்தியானம் வந்துடும். அவங்க அமிலத்துல போட்டுடுவாங்க. நீ உடனே போ."

கடைக்காரரிடம் சில்லறை கேட்கக்கூட மனசுக்குள் ஒத்திகை பார்ப்பவள் நான். செருப்பு மாட்டும்போது வேலம்மா பின்னாலேயே வந்தாள். "போன ஆயுத பூஜைக்குத் தூசு தட்ட பொட்டிய தொறந்து வச்சிருந்தீங்கல்ல? அப்ப உள்ள இருந்த அந்தச் சதுர சிப்புக்கும் ஒரு குங்குமப் பொட்டு வச்சேன். உங்கம்மாகூட திட்டுச்சே. அதப் பாத்து எட்த்துனு வா."

லஸ்ஸிலும் பனகல் பார்க்கிலும் மெட்ரோ வேலை. பஸ் நகரவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்தத் தங்கம் எடுக்கிற வண்டி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பதாகவே தோன்றியது.

காயலான் கடை பொன்னுரங்கம் பிளாஸ்டிக் பேசின்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். "இன்னா பாப்பா?"

ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோனது. "சிப்பு" என்றேன்.

"எந்த சிப்பு? இங்க அதான் கீது." காலாலேயே பேசின்களைக் காட்டினார். முதல் பேசினில் பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால் வைத்த கறுப்புத் துண்டுகள். அடுத்ததில் பீங்கான் சதுரங்கள், அடியில் முள்முள்ளாகத் தங்க நிறக் கம்பிகள். அப்புறம் பச்சைத் தகடுகள். கடைசியில் கம்பியே இல்லாமல் வெறும் புள்ளி வைத்தவை. "பழசுக்குத்தான் மவுசு. தங்கம் அதுல தான். புச்சுல நக்கினாக்கூட ஒட்டாது."

"நேத்து எங்கண்ணன் போட்ட பெட்டி… அதோட சிப்பு வேணும். நாங்க தெரியாம போட்டுட்டோம்."

"பீங்கான் பேசின்ல கலந்துட்சி. பாதிக்கு மேல செத்ததுங்க. உன்னுது எதுன்னு மூஞ்சி பாத்து சொல்வியா?"

"பொட்டு வச்சிருக்கும்."

அவர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். "வேதக்காரங்க வூட்டு சிப்புக்குப் பொட்டா? தேடு, தேடு. வண்டி வந்துக்கினே கீது."

கைவிட்டுத் தேடினேன். கம்பிகள் விரலில் குத்தின. எல்லாம் ஒரே சாம்பல் ஊதா நிறம். ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி வைத்தேன். தெருமுனையில் ஹாரன் கேட்டதும் இன்னும் வேகமாகத் திருப்பினேன். கடைசியில் ஒன்றின் மேல் காய்ந்த ரத்தம் போல ஒரு வட்டம்.

"இதுதான்" என்று கத்திவிட்டேன். என் குரலா அது என்று இருந்தது.

பொன்னுரங்கம் வாங்கிப் பார்த்தார். "கம்பியெல்லாம் கோணிட்சே பாப்பா." அண்ணனின் பூசை உடுப்பு பாதியில் நிற்பதைச் சொன்னேன். பெட்டியையும் தூக்கிவந்து, நான் கூப்பிட்ட ஆட்டோவில் வைத்தார். "சாமியார் உடுப்புக்கா? எட்த்துனு போ. என் பேருக்கும் ஒரு ஜெபம் சொல்லச் சொல்லு."

வீட்டில் அம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எம்பிராய்டரி ஊசியால் ஒவ்வொரு கம்பியாக நிமிர்த்தினேன். ஒன்று ஒடிந்தாலும் அவ்வளவுதான். அம்மா பக்கத்தில் நின்று மூச்சுவிடாமல் பார்த்தாள். அவள் மூச்சு விடாததால் என்னாலும் விட முடியவில்லை.

சாயங்காலம் மேத்யூ ஓடிவந்தான். சிப்பின் வெட்டிய மூலையை, பெட்டிக்குள் அது உட்காரும் சாக்கெட்டின் மூலையோடு சேர்த்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினான். குங்குமத்தைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனான்.

"கைய எடு" என்றாள் அம்மா, அன்று பொட்டு வைத்ததற்குத் திட்டிய அதே அம்மா.

திரையில் எண்கள் மெதுவாக, மிக மெதுவாக ஏறின. அந்த மெதுவைப் பார்த்து முதல்தடவையாக நிம்மதி வந்தது. ப்ரோகிராம் திறந்தது. ஊசி இடது பக்கத்தில் முதல் இலையை ஆரம்பித்தது.

யாரும் உட்காரவில்லை. கொடி பாதி ஏறியபோது மெஷின் சட்டென்று நின்றது. மேத்யூ தலையில் கை வைத்தான். அம்மா நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டாள்.

"அட, பச்ச முடிஞ்சிட்சி" என்றாள் வேலம்மா. "ஊதா கேக்குது."

நூல் என் கையில்தான் இருந்தது. ஒருவழியாகக் கோத்து, பொத்தானை அழுத்தினேன். முதல் திராட்சை உருண்டையாக விழுந்தது. அடுத்தது விழும்வரை, திறந்த பெட்டிக்குள் சிப்பின் மேல் இருந்த அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.