புளியந்தீவின் ஏற்ற இறக்கம்

இறக்குமதித் தடைகள் தளர்ந்த வருடம் புளியந்தீவு வாவிக்குள் ஒரு சாண் இறங்கியது. அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த அதிகாரிகள் அளந்து பார்த்துவிட்டு, தண்ணீர்தான் கூடியிருக்கிறது என்று சொல்லி, சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். கரையோரம் குடியிருந்த மவுறீனின் குசினிக்குள் நண்டுகள் வந்துபோகத் தொடங்கின. நண்டில் அவளுக்கு வெறுப்பில்லை. கேக் அடிக்கும்போது காலைக் கவ்வுவதுதான் பிடிக்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் அவளுடைய கணவர் மொறிஸ். உயர்தர வகுப்புக்குப் பொருளியல் ரியூஷன் கொடுப்பவர். வியட்நாமின் ஏற்றுமதி எப்படி வளர்ந்தது, பங்களாதேசத்தினது எப்படி என்று கரும்பலகையில் கோடு கீறிவிட்டு, நம் நாட்டின் கோட்டுக்கு வந்த நேரம், காத்தான்குடி வியாபாரி அசனாரின் லொறிகள் சீனத்துப் பிளாஸ்டிக் கதிரைகளோடு வாசலைக் கடந்தன. வகுப்புக்குள் தண்ணீர் ஏறியது. பிள்ளைகள் காலைத் தூக்கி வாங்கில் வைத்துக்கொண்டார்கள்.

"பாரத்தால இல்ல மவுறீன், வளர்ச்சியால. தீவுக்கு வாற சாமான் வளருற வேகத்துக்கு இஞ்சயிருந்து போற சாமான் வளரல்ல. அதான் தாழுது," என்றார் மொறிஸ்.

மெல்பேர்னிலிருந்து மகன் கிளென் தினமும் அழைத்தான். "மம்மி, வீட்ட வித்துப்போட்டு இஞ்ச வாங்க."

"நான் வரமாட்டன் மகன். கேக் அனுப்புறன்."

கஜுவும் ரவையும் போட்ட லவ் கேக் ஒன்று போனது. அடுத்த மாதம் இரண்டு. நூறு வீத வளர்ச்சி என்பதால் அன்றே நண்டுகள் குசினியை விட்டுப் போயின. கிளெனின் கூட்டாளிகளும் கேட்க, கேக்குகள் நான்காகி, எட்டாகின. வியட்நாமும் காணாத வளர்ச்சி என்று மொறிஸ் நெஞ்சை நிமிர்த்தினார். தீவைக் கரையோடு இணைக்கும் கோட்டைமுனைப் பாலத்தைவிடத் தீவு இடுப்பளவு உயர்ந்து நின்றது.

அசனாரின் லொறி ஏற முடியாமல் பாலத்திலேயே நின்றது. "மவுறீன் அக்கா, கேக்கக் கொஞ்சம் குறைங்களன்! என்ட கதிரையெல்லாம் வெயில்ல இளகுது!"

"குறைச்சா என்ட குசினி தாழும் அசனார் காக்கா. எத்தனை நாள் நண்டோட நிண்டு சமைச்சனான் தெரியுமா?"

சொல்லிவிட்டாலும், அவர் வியர்த்து நிற்பதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. பிரண்டி ஊற்றாத துண்டாகப் பார்த்துக் கீழே நீட்டினாள். அதைத் தின்றுகொண்டே அசனார் யோசித்தார். அவள் அனுப்புவது வளருகிற அளவுக்கே தானும் கொண்டுவருவது என்று பேசி முடித்தார்கள். தீவு பாலத்தோடு வந்து பொருந்தியது. இப்படியோர் உடன்படிக்கையை எந்த நாடும் செய்ததில்லையென்று மொறிஸ் சொல்லத் தொடங்க, மவுறீன் அவரைச் சீனி அரிக்க விட்டாள்.

நத்தாருக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கிறிஸ்மஸ் கேக்குக்கு ஓடர் மேல் ஓடர் வந்து தீவு தென்னை உயரத்துக்கு எழுந்தது. பாலத்திலிருந்து ஏணி வைத்தார்கள். தாயையும் தகப்பனையும் கூட்டிப்போக விமானச் சீட்டுகளோடு கிளென் நேரில் வந்தான். அசனார் ஏணியைப் பிடித்துக்கொள்ள, பெட்டியைத் தோளில் வைத்து ஏறினான். குசினியில் எல்லோரும் மாவும் கையுமாக நின்றார்கள். மவுறீன் மகனைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டு, ஒரு சட்டியைக் கையில் கொடுத்தாள்.

"முதல்ல இந்த முட்டையை அடி மகன்."

அடித்தான். ஒரு கிழமை முழுக்க அடித்தான். சீட்டுகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.

தை மாதம் ஓடர் குறைய, தீவு இறங்கிவந்தது. ஏணியை ஒருவரும் கழற்றவில்லை. அதில் இப்போது மீன்காரர் வலை காயப்போடுகிறார்கள். மார்கழி பிறந்தால் வலையை எடுத்துக்கொள்வார்கள்.