அண்டவோடு

பாகூர் சிங்காரவேலு சுத்த சைவம். அது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவர் அதைச் சொல்லாமல் விட்ட நாள் கிடையாது. முட்டைக்கூடைக்காரி எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். கோழி கூவுவதை மட்டும் பொறுத்துக்கொள்வார். விடிந்தது தெரிய வேண்டுமே!

1934-ஆம் வருஷம் வீட்டுக் கொல்லையில் இருபது சீமைத்தக்காளிச் செடி வைத்தார். செடிகள் தளதளவென்று வளர்ந்தன. காய்கள்தாம் ஒவ்வொன்றாக அடிப்பக்கம் கறுத்து, குழி விழுந்து அழுகின. கண்ணேறு என்று பூசணிக்காய் உடைத்தார். பிறகு தினமும் காலையில் செடிகளுக்கு முன்னால் நின்று தேவாரம் பாடினார். அழுகாமல் தப்பியிருந்த நாலு காயும் அந்த வாரமே அழுகின.

அவர் மனைவி அம்சவள்ளி குளத்தங்கரையில் ரோஷன் பீவியிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டாள். முட்டையும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து வட்டலப்பம் அவித்து விற்பவள் ரோஷன் பீவி. அவள் கொல்லையில் தக்காளி கொத்துக்கொத்தாய்த் தொங்கும்.

"உன் வூட்ல மட்டும் இன்னாடி இப்பிடி காய்க்குது?"

"மண்ணுக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும்டி. நான் முட்டை ஓட்டக் கழுவிக் காயவெச்சி, இடிச்சி, நடறதுக்கு முந்தியே குழியில கலந்துடுவேன்."

"முட்டை ஓடா? அந்த மனுசன் என்னையே குழியில போட்டுடுவாரு!"

"ஓடுதானேடி. அதுக்குள்ள கோழியா உக்காந்துகீது?"

அம்சவள்ளி நாலு நாள் யோசித்தாள். ஐப்பசியில், பீவி வீட்டு உரலிலேயே ஓடுகளை இடித்து, துணியில் முடிந்து கொண்டுவந்தாள். அடுப்புச் சாம்பலோடு சேர்த்துக் குழிக்கு இரண்டு கை போட்டுக்கொண்டிருந்தபோது சிங்காரவேலு வந்துவிட்டார்.

"வெள்ளையா இன்னா அது?"

"கோலமாவு. பூமாதேவிக்கு."

"நல்ல காரியம்" என்று சொல்லி, குழியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தை பிறந்தது. ஒரு காய்கூட அழுகவில்லை. தேவாரத்தின் மகிமையைச் சிங்காரவேலு கடைத்தெருவில் விளக்கினார். ஒரு மாதமாக வீட்டில் தினமும் தக்காளி ரசம். அம்சவள்ளி தலையைக் குனிந்துகொண்டே பரிமாறுவாள். அவரோ ரசத்தை இன்னொரு கை வாங்கிக் குடிப்பார்.

மாசியில் பாகூரில் விவசாயக் கண்காட்சி வைத்தார்கள். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுத் துரை ஒருவர் துபாசியோடு வந்தார். பழம் குலுங்கும் ஒரு செடியை வேரும் மண்ணுமாகத் தொட்டியில் பெயர்த்துக்கொண்டு சிங்காரவேலு முன்வரிசையில் நின்றார்.

"இன்னா எரு போட்டீங்கன்னு தொரை கேக்குறாரு" என்றார் துபாசி.

"எருவா? பக்தி!"

இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வதென்று துபாசி திணறிக்கொண்டிருக்கையில், துரை தொட்டி மண்ணை விரலால் கிளறினார். நகம் அளவு வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து முகம் மலர ஏதோ சொன்னார்.

"முட்டை ஓடு போட்டுகீறீங்க, ரொம்ப புத்திசாலின்னு பாராட்டுறாரு!"

சிங்காரவேலுவின் முகத்திலிருந்த விபூதியும் முகமும் ஒரே நிறமாயின.

"யாரோ சதி பண்ணிட்டாங்க!" என்று அவர் கத்தத் தொடங்கும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து அம்சவள்ளி முன்னால் வந்தாள்.

"யாரும் சதி பண்ணல. நான்தான் போட்டேன். போன வருசம் பூரா அழுகுச்சி, இந்த வருசம் ஒண்ணுகூட அழுகல."

துபாசி அதைத் திருப்பிச் சொன்னார். துரை தொப்பியைக் கழற்றி அம்சவள்ளிக்கு வணக்கம் சொன்னார். கண்காட்சியின் பரிசுப் பதக்கத்தை அவள் கையிலேயே கொடுத்தார். பாகூரில் ஒரு பெண்ணுக்காகத் தொப்பி கழன்றதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

சிங்காரவேலு மூன்று நாளும் தலைமுழுகினார், தக்காளியை ஒதுக்கினார். வெறும் புளித்தண்ணீர் ரசம் உள்ளே இறங்கவில்லை. நாலாம் நாள், தான் சாப்பிட்ட பாவத்துக்குப் பரிகாரம் கேட்டு நாட்டு வைத்தியர் பக்கிரியிடம் போனார்.

"பாவமா? சித்த வைத்தியத்துல முட்டை ஓட்டுக்கு அண்டவோடுன்னு பேரு. புடம் போட்டு பஸ்பமே பண்றோம்பா" என்றார் பக்கிரி.

அவ்வளவுதான். மாலைக்குள் அது சித்தர்கள் அருளிய மருந்தாகிவிட்டது. அதைத் தமக்கு முன்பே தெரியும் என்று சிங்காரவேலு நாலு பேரிடம் சொன்னார். ராத்திரி ரசம் பழையபடி இரண்டு கை இறங்கியது.

அடுத்த ஐப்பசியில் கூடையோடு அவரே ரோஷன் பீவி வாசலில் போய் நின்றார். பின்னால் அம்சவள்ளி.

"பீவிம்மா, கொஞ்சம் அண்டவோடு வேணுமே."

"அப்பிடி எதுவும் நம்ம வூட்ல இல்லீங்களே" என்றாள் பீவி. "முட்டை ஓடுதான் கீது."

சிங்காரவேலு தெருவை இருபுறமும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "சரி, அதையே குடு" என்றார் மெல்ல.

"இன்னா கேட்டீங்க? காதுல விழல" என்றாள் அம்சவள்ளி.