ஊசித்துளையில் விழுந்த கரை

பள்ளிவாசல்துறைச் சந்தியில் ஷம்லாவும் அவளுடைய தம்பி நளீரும் நடத்திய கடையில் போட்டோக் கொப்பி எடுக்கலாம். அடையாள அட்டைக்குப் படமும் பிடிக்கலாம். கமராவை அமுக்கினால் முகம் கணினியில் வந்து நிற்கும். அது எப்படி வருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஷம்லா கேட்டாள். நாற்பது வயதுக்குப் பிறகு மனத்தில் புகும் கேள்வி, செருப்புக்குள் புகுந்த மணலைப் போன்றது. உதறாமல் நடக்க விடாது.

அலுமாரியில் காலாவதியான பிலிம் சுருள் ஒன்று கிடந்தது. தீப்பெட்டியின் உட்புறத்தைக் கறுப்பாக்கினாள். குளிர்பானத் தகரத் துண்டில் ஊசியால் துளையிட்டு, அதைத் தீப்பெட்டியின் முன்புறம் பொருத்தி, பிலிமை உள்ளே கோத்தாள். ஒளி கசியாதபடி கறுப்பு நாடாவால் சுற்றினாள். வில்லையும் இல்லை, விசையும் இல்லை. துளையை மூட ஓர் அட்டைத் துண்டு மட்டுமே. பிலிமைக் கழுவுவதற்காகக் கடையின் பின்னறையை இருட்டாக்கினாள்.

அந்த அறையின்மேல் நளீருக்கும் ஒரு கண் இருந்தது. கோப்பைகளில் படம் அச்சிடும் இயந்திரத்தை அங்கே வைப்பதற்காகச் சுவரில் சோக்கினால் அளவுகூடக் கீறிவிட்டான்.

“தீப்பெட்டியில நெருப்பு வரும், ராத்தா. படம் வருமா?” என்று அக்காவைச் சீண்டினான்.

“வந்தால்?”

“ஒரே ஒரு படம் வரட்டும். அதில என்ன இருக்கென்று எனக்கு விளங்கோணும். விளங்கினா அறை உங்கட. இல்லாட்டி மெஷினுக்கு.”

“பேச்சு மாறக்கூடாது.”

“ஓம், ஓம்.”

மறுநாள் விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்ததும், மை வாங்கச் சிலாபத்துக்குப் போவதாகச் சொல்லி அவன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டான். தலைமுடி கலைந்துவிடும் என்று, வண்டியை விட்டு இறங்கிய பிறகும் தன் வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றாதவன் அவன். ஷம்லா தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள்.

வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் தீப்பெட்டியை வைத்து, அசையாதபடி கல்லால் முட்டுக்கொடுத்தாள். வெளிச்சமோ மங்கல், துளையோ ஊசிமுனை; ஆகவே நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். அட்டையை நீக்கிவிட்டு, காலையில் வழக்கமாக ஓதும் தஸ்பீஹை அங்கேயே நின்று ஓதத் தொடங்கினாள். கண் தீப்பெட்டியை விட்டு அகலவில்லை.

மீன் வாங்க வந்த அனஸ்தாசியா கூடையைத் தரையில் வைத்தாள்.

“தீப்பெட்டிக்கு ஏன் பிள்ளை காவல் நிக்கிறாய்?”

“படம் பிடிக்கிறேன், அக்கா.”

“சொல்லியிருந்தா தலை சீவிக்கொண்டு வந்திருப்பேனே.” சிரித்தபடி அவள் கூடையை அங்கேயே விட்டுவிட்டு வள்ளங்களை நோக்கி ஓடினாள்.

கோப்பித்தூள், சலவைச் சோடா, விற்றமின் சி மாத்திரை ஆகியவற்றைக் கரைத்து ஷம்லா பிலிமைக் கழுவினாள். படத்தை நிலைநிறுத்தும் மருந்து அவளிடம் இல்லை. உப்பளத்து உப்பைத் தண்ணீரில் கரையுமட்டும் கரைத்து, அதில் ஒரு நாள் ஊறவிட்டாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது மனிதனுக்கு மட்டுமா விதி? பிலிமும் நினைக்கட்டும் என்று விட்டாள்.

கரையில் எடுத்த நாலைந்து படங்களுக்கும் சுருளைப் பிழையாகச் சுற்றியிருந்தாள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி எல்லாம் கெட்டிருந்தன. ஒன்று மட்டும் தப்பியிருந்தது. காய்ந்ததும் அதைக் கடைக்குக் கொண்டுவந்தாள். நளீர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிரதி எடுக்க வந்திருந்த அனஸ்தாசியாவும் எட்டிப் பார்த்தாள்.

“கரை இருக்கு, வள்ளம் இருக்கு. ஆள் எங்க?” என்றான் நளீர். “விடியக்காலையில சனமில்லாத கரையை ஆர் கண்டது? இது படமில்லை, ராத்தா.”

“என்ட கூடை நிக்குது, நான் இல்லை,” என்றாள் அனஸ்தாசியா. “என்னை எங்க பிள்ளை விட்டாய்?”

ஷம்லா யோசித்தாள். “நீங்க ஓடித் திரிஞ்சீங்க, அக்கா. கூடை ஓரிடத்தில நின்றது. அசையாததுதான் விழும்போல.” சொல்லும்போதே இன்னொரு கேள்வி முளைத்தது. மூலையில், கவிழ்த்த வள்ளத்துக்கு மேலே, வட்டமாக ஒரு கரும்புள்ளி. “அப்படியென்றால் இது என்ன?”

“உப்புக் கறை,” என்றான் நளீர். கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டான்.

ஷம்லா பிலிமைக் கணினியின் வெள்ளைத் திரைக்கு முன்னால் பிடித்துக் கைபேசியில் படமெடுத்து, நிறங்களைத் தலைகீழாக மாற்றினாள். கறுப்பு வெள்ளையானது. கரும்புள்ளி ஒரு வெள்ளை ஹெல்மெட்டானது. அதற்குக் கீழே, கைகளை முழங்கால்களில் ஊன்றி, நேராக அவளையே பார்த்தபடி ஒருவன் வள்ளத்தின்மேல் உட்கார்ந்திருந்தான்.

“சிலாபம் எப்ப தம்பி எங்கட கரைக்கு வந்தது?” என்று கேட்டாள் ஷம்லா.

“பிறகு போனேன்தானே. மை வாங்கித் தந்தேன்தானே.” நளீர் தலையைக் குனிந்துகொண்டான். “ராத்தா என்னதான் செய்றா என்று பார்ப்போம் என்று...”

“பார்க்க வந்தவன் சிலை மாதிரியா இருப்பாய்?” என்றாள் ஷம்லா. “சோறு தின்னும்போதுகூட நீ ஓரிடத்தில இருந்ததில்லையே.”

“அசைஞ்சா உங்கட படம் கெட்டுப்போயிடும் என்று நினைச்சேன்.”

ஷம்லா கைபேசியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

“இதில என்ன இருக்கென்று விளங்குதா?”

“விளங்குது,” என்றான்.

ஈரத் துணியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போனான். சோக்குக் கோட்டைத் தேய்க்கும் ஓசை கேட்டது. பிறகு ஓசை நின்றது.

“ராத்தா, இன்னும் சின்ன ஊசியால குத்தினா என்ன ஆகும்?”