தெலேசா ஊரார் கேட்ட சொல்

நீலக் கடல் இளவெயிலை வாங்கிப் பொன்னென மின்ன, ஒலிவ மரங்கள் தம் வெள்ளிய இலைப்புறம் காட்டிக் காற்றுக்குச் சாய, திராட்சை பிழிந்த தொட்டிகளின் புளித்த நறுமணம் மலைச்சரிவெங்கும் தவழ்ந்த அக்காலைப் பொழுதில், தெலேசா என்னும் சிற்றூரின் ஆடவரெல்லாம் அங்காடி முற்றத்தில் அவை கூடியிருந்தனர். கீழே துறையை அடைத்தாற்போல் வடபுல வேந்தனின் போர்க்கலங்கள் பதினொன்று நின்றன.

வேந்தனின் படைத்தலைவன் கொணர்ந்த உடன்படிக்கைச் சுருளில், தெலேசா விடுதலை பெற்ற ஊர் என்றும், திறை தராது என்றும், காவற்படை ஏற்காது என்றும் அழகுற எழுதியிருந்தது. அவையின் எழுத்தனும் முத்திரைக்கு உரியவனுமான பிலாக்ரன் அதனை இருமுறை படித்தான். ஊரின் வழக்குகளை வேந்தனின் நடுவரே தீர்ப்பர் என்ற சிறுவரி ஒன்று கடைசியில் ஒளிந்திருந்தது.

"விடுதலைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேனேய்யா, இன்னும் என்ன வேணும்?" என்றான் படைத்தலைவன்.

"எங்களை யாரும் கட்டி வைக்கலேங்கிறது விடுதலை. எங்க சட்டத்தை நாங்களே எழுதி, அதுக்கு நாங்களே கட்டுப்படுறது தன்னாட்சி. அந்தச் சொல்லை எழுதி, இந்த வரியை அடிச்சாத்தான் முத்திரை" என்றான் பிலாக்ரன்.

படைத்தலைவன் நகைத்தான். பிலாக்ரனின் தம்பி லிக்கோன், திராட்சை அறுவடையின்போது எழுந்த வாய்ச்சண்டையில் அண்டைவீட்டானைப் பிடித்துத் தள்ள, அவன் தொட்டியின் கல்விளிம்பில் தலைமோதி மாண்டான் என்பதையும், கருதாது செய்த கொலைக்கு ஏழாண்டு ஊர்விலக்கு என்ற சட்டப்படி லிக்கோன் அன்றே படகேற வேண்டியவன் என்பதையும் படைத்தலைவன் முன்னரே கேட்டறிந்திருந்தான்.

"முத்திரையை வை. எங்க நடுவர் ஒரே பேச்சுல உன் தம்பியை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. உனக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது."

லிக்கோனை நேசித்தோர் அங்குப் பலர். 'வைத்துவிடு' என்ற முணுமுணுப்பும் எழுந்தது. பிலாக்ரன் முத்திரைக்கல்லைக் கையிலெடுத்து, சுருளின் அக்கடைசி வரியை மீண்டும் நோக்கினான். அப்போது முற்றத்தின் ஓரத்தில் நின்ற மிர்த்தாலே, இறந்தவனின் மனைவி, உரத்துக் கேட்டாள்:

"ஏன்யா, ஊரான் வழக்குன்னா தீர்ப்பைக் கணீர்னு படிப்பியே! தம்பின்னதும் நாக்கு ஒட்டிக்கிச்சா?"

பிலாக்ரன் வாய்திறக்குமுன், காவலர் நடுவே நின்ற லிக்கோன் முன்னே வந்தான். ஊரார் அறிந்த முன்கோபி அவன். ஆயினும் அன்று அவன் குரல் தெளிந்த நீர்போலிருந்தது.

"அண்ணே, யோசிக்காதே. நான் செஞ்சதுக்கு நம்ம ஊரு போடான்னா போறேன். இந்தாளு இருடான்னு சொல்லி நான் இருந்தா, நாளைக்கு இவரே சாவுடான்னாலும் சாகணும்." பின் படைத்தலைவனை நோக்கி, "உங்க இரக்கத்தைக் கப்பல்லயே வெச்சுக்குங்க, ஐயா" என்று கூறி, எவரும் ஏவாமலே துறைநோக்கி நடந்தான். மிர்த்தாலேயைக் கடக்கையில் தலைதாழ்த்தினான்; அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பிலாக்ரன் முத்திரைக்கல்லை மடியிற் செருகிக்கொண்டான். "பார்த்தீங்கல்ல? தன்னாட்சிங்கிற சொல்லுக்கு அதுதான் பொருள்."

அவையின் ஆடவர் அறுநூற்றுவரும் ஒருங்கே எழுந்து நின்றனர். அவர்களையும், ஊர் மதிலையும், கலம் செலுத்தும் பருவத்தில் எஞ்சிய சில நாள்களையும் எண்ணிப்பார்த்த படைத்தலைவன், நெடிது பெருமூச்செறிந்து பிலாக்ரனிடம், "அடிச்சுட்டு எழுதித் தொலை" என்றான்.

லிக்கோன் மீளவில்லை. நான்காம் ஆண்டில், எதிர்க்கரை ஊரொன்றில் காய்ச்சலால் மாண்டான். செய்தி வந்த திங்களில், ஏழாண்டை மூன்றாண்டாகக் குறைக்கும் சட்டமொன்றைப் பிலாக்ரன் எழுதினான். எழுதியதை முதலில் மிர்த்தாலேயின் வாயிலில் நின்று படித்தான். அவள், "மாத்துங்க. மூணு வருஷமே ரொம்பத் தூரம்தான்" என்றாள்.

அவை அதனை ஏற்றது. தாம் சட்டம் பொறித்த கல்லைத் தாமே செதுக்கித் திருத்தும் உரிமைக்காக ஒருவனைக் கடல்கடக்க விட்ட அவ்வூரார், உளியின் ஒலி அடங்கும்வரை அக்கல்லின் முன் தலைதாழ்த்தி நின்றனர். திருந்திய அச்சட்டத்தால் முதலில் வீடு திரும்பியிருக்க வேண்டியவன் அயல்மண்ணில் உறங்கினான்.