ஜன்னல் வழியாக இறங்கிய மாமா

1

இந்தக் கதை ஒரு சிக்னலில் கிடைத்தது. சிவப்பு விளக்குக்காக நின்றபோது என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒரு பிக்கப் வண்டி, அதன் பின்னால் மாட்டிய டிரெய்லர், டிரெய்லரின் மேல் மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார். சக்கரம் ஒவ்வொன்றையும் அகலமான பெல்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். பிக்கப்புக்குள் இரண்டு ஆண்கள். ஒருவர் இந்தப் பக்கம் பார்த்தார், மற்றவர் அந்தப் பக்கம். விளக்கு மாறியது, போய்விட்டார்கள்.

பார்த்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கைச்சரக்கு. ஆனால் ஒரே வண்டியில் போகிற இரண்டு பேர் அத்தனை சிரத்தையாக வேறு வேறு பக்கம் பார்க்கிறார்கள் என்றால் அவர்கள் அந்நியர்களாக இருக்க முடியாது. சொந்தக்காரர்களாகத்தான் இருக்கவேண்டும்.

(முதலில் காரைச் சிவப்பு என்று எழுதினேன். கதைகளில் வரும் ஸ்போர்ட்ஸ் கார்கள் ஏனோ சிவப்பாகவே இருக்கின்றன. பார்த்தது மஞ்சள். மஞ்சளாகவே இருக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: “மழை விட்டிருந்த அந்தக் காலையில், பிரிவு என்பது—”

அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே பிரிவு என்று எழுதினால் வாசகர் கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். பிறகு என்ன செய்தாலும் சிரிக்கமாட்டார்.

இரண்டாவது: “தாழ்வான காரை டிரெய்லரில் ஏற்றும்போது கவனிக்கவேண்டியவை—”

இது கதையா, கடையில் கொடுக்கிற துண்டுச்சீட்டா?

மூன்றாவது: “அக்கா அந்தக் காரைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள்.”

இது நிற்கிறது. இரண்டே பேர் உட்காரக்கூடிய காரைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கி, கல்யாணத்துக்குப் பிறகும் அதைத்தான் முதலில் துடைக்கிற புருஷன் வாய்த்தவள் வேறென்ன சொல்வாள்?

3

ஆட்கள் மூன்றே பேர். அக்கா. அவள் புருஷன், அதாவது மாமா. அவள் தம்பி, அதாவது மச்சினன். டிரெய்லரில் வண்டி ஏற்றிப்போவது அவன் தொழில். மாமா என்பது மச்சினன் கூப்பிடுகிற முறை, மச்சினன் என்பது மாமா சொல்கிற முறை. பேசிக்கொள்ளாத இருவரை நானாவது ஒருவர் வாயால் மற்றவரைக் கூப்பிடவைக்கிறேன்.

ஏன் பேசிக்கொள்ளவில்லை? போன வருடம் ஒரு சிக்னலில், ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே மாமாவுக்கு வலிப்பு வந்தது. பக்கத்தில் அக்கா. கார் நின்றிருந்ததால் பிழைத்தார்கள். “வெறும் மயக்கம், யார்கிட்டயும் மூச்சு விடாத” என்று மாமா சத்தியம் வாங்கினார். அக்கா யாரிடமும் சொல்லவில்லை. தம்பியிடம் அழுதாள், அவ்வளவுதான். தம்பி வந்தான். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மாமாவை டாக்டரிடம் இழுத்துப்போனான். இனி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“என் வீட்டுக்குள்ள வந்து என் சாவிய எடுக்க நீ யாருடா?”

மாமா அவனிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அதன்பிறகு அவன் வாசலில் செருப்பைக் கழற்றினால் இவர் மாடிக்குப் போய்விடுவார். அக்கா இருதலைக்கொள்ளி எறும்பாகச் சாப்பாட்டுத் தட்டை மேலும் கீழும் தூக்கிக்கொண்டு அலைந்தாள். இப்போது மாமா தாமே காரை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். கார் போய்விடும், கோபம் மட்டும் வீட்டோடு தங்கிவிடும் என்பது அக்காவின் பயம். அதனால்தான் வேறு யாரையும் கூப்பிடாமல் தம்பியைக் கூப்பிட்டாள்.

4

பார்க்கமாட்டேன் என்று மாமா மாடி ஜன்னலைச் சாத்தினார். சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சினன் டிரெய்லரின் சரிவுப் பலகைகளை இறக்கினான். காரின் முகவாய் இடிக்காமலிருக்க அவற்றுக்கு முன்னால் மரப்பலகை போட்டுச் சரிவை நீட்டினான். மாமாவால் குறை சொல்ல முடியவில்லை. அது அவருக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்து பம்பரின் சின்ன மூடியைத் திறந்து, கம்பி மாட்டி இழுப்பதற்கான கொக்கியை உள்ளே வைத்துத் திருகினான். ஏறவில்லை. இன்னும் அழுத்தித் திருகினான். மாமாவுக்கு உள்ளங்கால் கூசியது.

ஜன்னல் படாரென்று திறந்தது.

“டேய்! அது இடது மரைடா! அந்தப் பக்கம் திருப்பி மரைய அறுத்துத் தொலைக்காத!”

கீழே அக்கா, ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

மாமா இறங்கி வந்தார். கொக்கியைப் பிடுங்கி இடப்பக்கமாகத் திருகினார். வெண்ணெயாக ஏறியது. மச்சினன் கம்பியை மாட்டிவிட்டு டிரெய்லரைப் பார்த்துச் சொன்னான்:

“உள்ள யாராவது உக்காந்து ஸ்டியரிங்க நேரா புடிக்கணும்.”

மாமா அக்காவைப் பார்த்தார்.

“இன்ஜின்தான் ஓடலையே. உக்காருங்க” என்றாள் அக்கா.*

உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். டிரெய்லரின் முனையில் இருந்த மோட்டார் கம்பியைச் சுருட்டியது. கம்பி விறைத்தது, கார் ஒரு குழந்தை தவழ்கிற வேகத்தில் மேலே ஏறியது. மாமாவுக்கு அழுகை வந்தது. வந்ததை வந்தது என்று எழுதுவதில் என்ன வெட்கம்?

“இன்னும் முன்ன இழு” என்று உள்ளிருந்து கத்தினார். “இன்ஜின் பின்னால இருக்கு. அப்படியே விட்டா ரோட்டுல டிரெய்லர் வாலாட்டும்.”

“சரிங்க மாமா.”

கார் நின்றது. மாமா கதவைத் திறந்தார். அது டிரெய்லரின் மட்கார்டில் இடித்து ஒரு சாண் திறந்தது. எல்லாருக்கும் ஒரு சாண் வயிறு என்பார்கள், மாமாவுக்கு இரண்டு.

“ஜன்னல் வழியாத்தான் வரணும். கழுத்தக் கட்டிக்குங்க மாமா.”

“நீ மொதல்ல காலை நல்லா ஊனு.”

தலை வந்தது, தோள் வந்தது, வயிறு மாட்டிக்கொண்டது.

“சக்களத்தி விடமாட்டேங்குறா பாரு” என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற ஆளைத் தூக்குவது கஷ்டம். மச்சினன் அவரை மார்போடு அணைத்து ஒரே இழுப்பாக இழுக்க, இருவரும் டிரெய்லர் தட்டில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். உடனே எழுந்து ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பிப் பெல்ட்டைக் கையில் எடுத்தார்கள். சக்கரத்தை மட்டுமே கட்டினார்கள், காரின் உடம்பைத் தொடவில்லை. காற்றில் ரீங்காரம் போடாமலிருக்க ஒவ்வொரு பெல்ட்டிலும் ஒரு முறுக்கு விட்டார்கள்.

* இந்தக் கதையை டாக்டர் படிக்க நேர்ந்தால்: இழுத்தது கம்பி. மாமா பிடித்துக்கொண்டு மட்டுமே இருந்தார்.

5

இங்கே கதையை நிறுத்தவேண்டியிருக்கிறது. எனக்கு டிரெய்லரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அதனால் இதுவரை எழுதியதைத் தெரிந்த டிரெய்லர்காரர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். ஜன்னல் வந்ததும் சிரித்தார். நான் எதிர்பார்த்த சிரிப்பு அல்ல.

“நல்லாத்தான் இருக்கு சார். ஆனா மட்கார்டு மடங்குமே.”

“என்னது?”

“அடியில பூட்டியிருக்குற ஊசிய உருவுனா கீழ மடங்கிக்கும், கதவு முழுசா தெறக்கும். அதுக்குன்னே வெச்சிருக்கு. ஜன்னல் வழியா எவன் சார் இறங்குவான்?”

போச்சு. மட்கார்டு மடங்காத பழைய டிரெய்லர் என்று ஒரு வரி சேர்க்கலாமா? அது திருட்டுத்தனம். ஜன்னலை எடுத்துவிடலாமா? எடுத்தால் இந்தக் கதையில் இருவரும் ஒருவரை ஒருவர் தொடுவதே இல்லை. மச்சினனுக்கு ஊசி மறந்துவிட்டது என்று எழுதிப் பார்த்தேன். தினமும் சோறு போடுகிற ஊசி மறக்குமா?

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நான்தான் தெரியாமல் எழுதினேன். அவனுக்குத் தெரியாது என்று யார் சொன்னது? பக்கங்களைப் புரட்டி அந்தக் கொக்கியைப் பார்த்தேன். எத்தனையோ கார்களை ஏற்றியவன், மாடி ஜன்னலுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, எந்தப் பக்கம் மரை என்று தெரியாமலா அப்படித் திருகினான்?

நான் எழுதிய ஆள் என்னிடமே சொல்லாமல் ஒரு காரியம் செய்திருக்கிறான். அல்லது ஒன்றுமே செய்யவில்லை, நான்தான் என் தவறுக்குச் சட்டை மாட்டிவிடுகிறேன். [இதற்குமேல் நான்கு வரி எழுதி அடித்தேன். என்னையே புகழ்ந்துகொண்டிருந்தேன்.]

6

“கொஞ்ச தூரம் போயி நிறுத்தி மறுபடி இறுக்கணும். கார் அசைஞ்சு உக்காந்ததும் பெல்ட்டு தொய்யும்” என்றான் மச்சினன், அக்காவிடம்.

“அதுவரைக்கும் நானும் போறேன். அப்புறம் நடந்து வந்துடுறேன்” என்றார் மாமா, அக்காவிடம்.

பிக்கப்பில் ஏறினார்கள். சிரித்ததை நினைத்து இருவருக்கும் கூச்சமாக இருந்தது. ஒரு சிக்னலில், ஸ்கூட்டரில் இருந்த ஒரு ஆள் அவர்களை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதைத் தாண்டி ஒரு மரநிழலில் நிறுத்தினார்கள். பெல்ட்டுகள் தொய்ந்துதான் இருந்தன. மச்சினன் அந்தப் பக்கம், மாமா இந்தப் பக்கம். இறுக்கிவிட்டு நிமிரும்போது மட்கார்டின் அடியில் ஒரு வளையம் மாமாவின் விரலில் இடறியது. இழுத்தார். ஊசி கையோடு வந்தது. மட்கார்டு சொன்னபேச்சு கேட்கிற பிள்ளையாக மெல்ல மடங்கியது. கார் கதவைத் திறந்தார். முழுசாகத் திறந்தது.

சாத்தி, மறுபடி திறந்து பார்த்தார்.

“ஏண்டா, இது மடங்குமா?”

7

“                    ” என்றான் மச்சினன்.

இந்த இடத்தைக் காலியாக விடுகிறேன். “மறந்துட்டேன் மாமா” என்று எழுதினேன், பொய்யாக இருந்தது. “தெரியும் மாமா” என்று எழுதினேன். அப்படிச் சொல்லக்கூடிய ஆளாக இருந்தால் ஜன்னலே தேவைப்பட்டிருக்காது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அவர் என்ன சொல்வாரோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாமா செய்ததை மட்டும் சொல்கிறேன். கதவைச் சாத்தினார். மட்கார்டை நிமிர்த்தினார். சொன்னபடி அவர் இங்கிருந்து வீட்டுக்கு நடக்கவேண்டும். நடக்கவில்லை. பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தார்.

“அங்க எறக்கும்போதும் ஸ்டியரிங்க யாராவது புடிக்கணும்ல?”

“புடிக்கணும் மாமா.”

“உங்கக்காவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லு. சாப்பாட்ட ரெண்டு பேருக்கும் கீழயே எடுத்து வெக்கச் சொல்லு.”

வண்டி கிளம்பிவிட்டது. வாங்குபவர் வீட்டில் காரை இறக்க மாமா உள்ளே போய் உட்காரவேண்டும். மட்கார்டை மடக்கிக் கதவு வழியாகப் போகலாம். அல்லது ஜன்னல் வழியாக, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு. என்னால் முடிவுசெய்ய முடியவில்லை. ஊசியை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன்.