கூரைமேல் நாலு லைட்டு

வண்டி மின்வேலையில் 'கரண்ட்' என்று பட்டப்பெயர் வாங்கியிருந்தவனை அடித்துக்கொள்ள அந்தப் பட்டறைத் தெருவில் ஆளில்லை. வாயை அடக்குவதில் மட்டும் அவன் இன்னும் கத்துக்குட்டிதான். எந்த வயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்; எந்தப் பேச்சு யாரைப் போய்க் குத்தும் என்பது கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் தெரியாது. தெரிந்தாலும் பேசிவிடுவான். சுற்றி நிற்கிற நாலு பேர் சிரித்துவிட்டால் அவனுக்கு அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கும்.

அன்று காலையில் அவன் கால் தரையில் பாவவில்லை. காரணம் மச்சான், அதாவது அவன் மனைவியின் அண்ணன். புத்தம்புது ஜீப் ஒன்றைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தி, பின் சீட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தான். உள்ளே நாலு மஞ்சள் விளக்குகள், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு.

"மாப்ள, இதைக் கூரைமேல மாட்டு. நம்ம கல் குவாரிக்குப் போற மலை ரோட்டுல ஒரே பனிமூட்டம். என் கையே எனக்குத் தெரியல. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடு. உன் பொண்டாட்டி சாயங்காலம் இங்க வரா."

"யாரு, அவளா?"

"எனக்குத் தெரிஞ்சு உனக்கு ஒரு பொண்டாட்டிதான். வேற யாராவது இருந்தா சொல்லு, அவங்களையும் வரச் சொல்றேன்."

அடுத்த ஷெட்டில் ஒரு வண்டிக் கதவின் நெளிசலைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்த டிங்கர் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கரண்ட்டும் சிரித்தான். ஆனால் அவன் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று லேசானது. வருகிறாள். தானாகவே வருகிறாள்.

அவள் கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு மழைக்காலம் முழுசாக முடிந்திருந்தது. அடி உதை, குடி கூத்து என்று எதுவும் கிடையாது. காரணத்தைக் கேட்டால் சின்ன விஷயம் என்றுதான் தோன்றும். அவள் மெதுவாகப் பேசுகிறவள், கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்காருகிறவள். அதனால் கல்யாணமான புதிதிலேயே அவளுக்கு 'டிம்' என்று பெயர் வைத்துவிட்டான். வீட்டுக்குள் கூப்பிட்டபோது அவளும் பொறுத்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் கூடியிருந்த ஒரு பந்தியில் மச்சான் வேண்டுமென்றே கொக்கி போட்டான்: "என் தங்கச்சிய ஏன்டா டிம்முனு கூப்பிடற?" கரண்ட் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "ஆன் பண்ணினாலும் தெரியாது, ஆஃப் பண்ணினாலும் தெரியாது மச்சான். கூரியர்ல வந்த பீஸ் மாதிரி இருக்கு, மாத்தித் தருவீங்களா?" பந்தியே குலுங்கியது. பரிமாறிக்கொண்டிருந்தவள் கையிலிருந்த வாளியை அங்கேயே வைத்துவிட்டு நடந்தாள்.

போகிற வழியில் அவள் சொன்னது ஒன்றுதான். "ஒரே ஒரு தடவை என்கிட்ட நேரா பேசியிருக்கீங்களா?" அதற்கும் அவன், "நேரா பேசினா ஷாக் அடிக்கும்மா" என்றுதான் சொன்னான். என்ன செய்வது, சில பேருக்கு வாய் அப்படி வாய்த்துவிடுகிறது.

அவள் போன பிறகு அவனுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அவள் இல்லாத அந்த வீடு அவனுக்கு வேண்டியதாகவே இல்லை, இதை நேராகச் சொல்லிவிடலாம். ஆனால் அவன் யாரிடமும் சொல்லவில்லை. மச்சானிடம் சொன்னால் மானம் போகும். மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் கேலியில் வாருவது அந்த உறவுக்கே உள்ள உரிமை. எவன் முதலில் முகத்தைச் சுருக்குகிறானோ அவன் தோற்றவன். இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒருதடவைகூட முகம் சுருக்கியதில்லை.

வேலையைத் தொடங்கினான். கூரையில் நூல் பிடித்து நடுவைக் குறித்தான். நாலு விளக்கும் உட்காருகிற கம்பியை மழைநீர் ஓடும் விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்கினான். வயர் உள்ளே போக மட்டும் ஓர் ஓட்டை வேண்டும். டிரில்லை அவன் கூரையில் வைத்ததும் மச்சான் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

"பார்த்துடா. புது வண்டி. என் தங்கச்சி தலையில ஓட்டை போட்ட மாதிரி போட்டுடாத."

"அது முன்னாடியே இருந்துச்சு மச்சான். நீதான் போட்டுக் குடுத்த."

டிங்கர் மறுபடியும் சிரித்தார். சிரிக்க ஆள் இருந்தால் கரண்ட்டுக்கு வேலை பறக்கும். ஓட்டையின் விளிம்பை அரத்தால் தேய்த்து, துரு பிடிக்காமல் பெயிண்ட் தொட்டான். உள்ளே கூரைத்துணியை இறக்கினான். வயரைக் கண்ணாடி ஓரத்துத் தூண் வழியாக இறக்கி டேஷ்போர்டுக்கு அடியில் கொண்டுவந்தான். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸும் ரிலேயும் வைத்தான். எர்த்துக்கு ஓரிடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெறும் தகரத்தை வெளியே எடுத்தான். மச்சான் பதறினான். "தோல் உரியலன்னா எர்த் பிடிக்காது மச்சான்" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான்.

"குவாரியெல்லாம் எப்படிப் போகுது?" என்று இடையில் டிங்கர் கேட்டார்.

"கல்லுக்குப் பஞ்சமில்ல. சமையல்காரன்தான் சொல்லாம கொள்ளாம ஓடிட்டான். வேலையாளுங்க முப்பது பேருக்குப் பொங்கிப் போட ஆள் வேணும்" என்றான் மச்சான்.

மதியத்துக்கு மேல் சுவிட்ச் வைக்கிற வேலை. கரண்ட் ஜீப்புக்குள் மல்லாந்து படுத்து, தலையை ஸ்டீயரிங்குக்கு அடியில் நுழைத்துக்கொண்டான். கால் இரண்டும் கதவுக்கு வெளியே தொங்கின. வாயில் டெஸ்டர். கண்ணுக்கு எதிரே வயர்க் கூட்டம், அதைத் தவிர ஒன்றும் தெரியாது. அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்று மச்சான் பேசினான்.

"மாப்ள, உன்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும். உன் பொண்டாட்டிய நான் குவாரிக்கே கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கேன். மலைக்கு அந்தப் பக்கம். இனிமே அங்கதான். நீ என்ன சொல்ற?"

கரண்ட் வாயிலிருந்த டெஸ்டரைத் துப்பினான். "இதுக்கு எதுக்கு மச்சான் கேள்வி? தாராளமா கூட்டிட்டுப் போ. இந்த நாலு லைட்டும் நான் செய்யற சீர்னு வெச்சுக்கோ. டிம்மு வழியில இறங்கி ஓடிட்டா தேடறதுக்கு வசதியா இருக்கும்."

டிங்கரின் சிரிப்பு தகரத்தில் எதிரொலித்தது.

"டேய், நான் நிஜமாவே கேக்கறேன்."

"நானும் நிஜமாவே சொல்றேன். ஆனா ஒண்ணு, திருப்பி மட்டும் கொண்டுவந்துடாத. வித்த சரக்கு வாபஸ் கிடையாது."

"உனக்கு வருத்தம் எதுவும் இல்லையே?"

"இருக்கு மச்சான். இந்த யோசனை உனக்கு ஏன் முன்னாடியே வரலைன்னு."

சொல்லி முடித்து, தன் சொல்லின் ருசியைத் தானே அனுபவித்துக்கொண்டு, கடைசி வயரையும் சுவிட்சில் முறுக்கினான். வெளியே மச்சான் வேறு யாரிடமோ, மிகவும் அன்பாக, பேசுவது கேட்டது.

"கேட்டியா பாப்பா? எல்லாம் அவன் வாயாலயே சொல்லிட்டான். நான் ஒண்ணும் சேர்த்துச் சொல்லல பாரு."

கரண்ட் எழுந்த வேகத்தில் ஸ்டீயரிங் அவன் நெற்றியில் இடித்தது. ஊர்ந்து வெளியே வந்தான். மச்சான் உள்ளங்கையில் செல்போனை வைத்துக்கொண்டு நின்றான். ஸ்பீக்கர் போட்டிருந்தது. திரையில் 'தங்கச்சி' என்று இருந்தது. மறுமுனையில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. தன் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டான். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டான். அணைத்துவைத்துவிட்டாள்.

"மச்சான், என்ன இது? இப்படியா கேலி பண்றது?"

"நான் எங்கடா கேலி பண்ணினேன்? நிஜமாவே கேக்கறேன்னு சொன்னேன், வருத்தம் இல்லையேன்னும் கேட்டேன். கேலி பண்ணினது நீதான்." மச்சான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "அவதான் கேக்கச் சொன்னா. 'நான் ஒரேயடியா போறேன்னு அவர்கிட்ட சொல்லுங்கண்ணே. வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னாலும் நான் வரல, அவர் வீட்டுக்கே போயிடறேன்'னு சொன்னா. நான் நடுவுல ஏதாவது மாத்திச் சொல்லிடுவேன்னு சந்தேகம் வரக்கூடாது பாரு, அதான் லைன்லயே வெச்சுட்டேன். எனக்கும் அங்க சமைக்க ஆள் வேணும், மாப்ள. நீ என்ன பேசுவேன்னு எனக்குத் தெரியாதா?"

டிங்கர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஆனால் அவர் உதடு துடித்துக்கொண்டுதான் இருந்தது. உண்மையைச் சொன்னால், சிரிப்பு வரக்கூடிய விஷயம்தான் அது. எத்தனையோ பேரைப் பேசியே மண்ணைக் கவ்வ வைத்தவன் இன்று தானே கவ்விக்கொண்டு நிற்கிறான்.

கரண்ட்டின் கையில் வயர் வெட்டும் கட்டர் இருந்தது. ஒரே நறுக்கில் எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுவிடலாம் என்று இருந்தது. வெட்டினால் என்ன ஆகும்? விளக்கில்லாத வண்டியில் அந்தப் பனிக்குள் அவளை உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போவான், மச்சான் அப்படிப்பட்ட ஆள்தான். கூரை ஓட்டையில் வயருக்கு ரப்பர் வளையம் இன்னும் மாட்டவில்லை. மாட்டாமல் விட்டால் தகர விளிம்பில் வயர் உரசி உரசித் தோல் போய், மலைமேல் எங்கேயாவது புகையும். அவள் அதற்கு நேர் கீழேதான் உட்காருவாள். ஏணியில் ஏறி வளையத்தைப் போட்டான், சுற்றிலும் சிலிக்கான் பூசினான், விரலால் தடவி வழித்தான். இதனால் அவனை நல்லவன் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிட வேண்டாம். மனைவிக்கு ஒரு வார்த்தை மிச்சம் வைக்காதவன், வண்டிக்கு ரப்பர் வளையம் வரைக்கும் மறக்காமல் போட்டான், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது. அவள் நேரில் வருகிறாள். முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். ஜீப்பின் பக்கக் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொல்லிப் பார்த்தான். "போகாத." கண்ணாடிக்குள் இருந்தவன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். உதட்டை இழுத்து மூடிக்கொண்டு மறுபடி சொன்னான். வார்த்தை வெளியே வரும்போது உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, பழைய இளிப்பு தானாகவே வந்து உட்கார்ந்தது. வருஷக்கணக்காகப் பழக்கி வைத்த முகம், ஒரு மத்தியானத்தில் சொன்ன பேச்சைக் கேட்குமா?

இருட்டத் தொடங்கியபோது அவள் வந்தாள். கையில் ஒரு பெரிய பை. இளைத்திருந்தாள். அவனை ஒருதடவை பார்த்தாள். அவன் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் மச்சான் குறுக்கே வந்துவிட்டான்.

"முதல்ல வேலைய முடி மாப்ள. லைட்டை ஃபோகஸ் பண்ணணும்ல? பாப்பா, பைய வெச்சுட்டு எதிர்ச் சுவர்ல போய் நில்லு. வெளிச்சம் மூஞ்சியில அடிக்குதா, கால்ல அடிக்குதான்னு சொல்லு. நீ போற வண்டி, நீயே பார்த்துச் சொல்லிடு."

அவள் மறுபேச்சுப் பேசாமல் தெருவைத் தாண்டிப் போய் எதிரே கிடங்குச் சுவரில் சாய்ந்து நின்றாள். கரண்ட் கூரைமேல் முழங்காலிட்டான். மச்சான் உள்ளே உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினான். நாலு விளக்கும் ஒரு துளி மினுக்கல் இல்லாமல் எரிந்தன. சுவர் முழுக்க மஞ்சள் வெளிச்சம், அதன் நடுவில் அவள். புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டாள். அவள் கண் இமைப்பதுகூட அவனுக்குத் தெரிந்தது. அவளுக்கு அவன் முகம் தெரிந்திருக்காது.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றாள். இறக்கினான். "இடது பக்கம் சரியா இருக்கு." அடுத்த போல்ட்டுக்கு நகர்ந்தான். "அதுவும் போதும்."

கடைசி போல்ட்டை இறுக்கிவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தான். இந்த வெளிச்சத்துக்குப் பின்னால் தன் முகம் அவளுக்குத் தெரியாது, உதடு எப்படிக் கோணினாலும் பரவாயில்லை என்று தோன்றியது. சொல்லிவிட்டான்.

"போகாத. வீட்டுக்கு வா. எனக்கு நீ வேணும்."

கோணாமல், நடுங்கிக்கொண்டு, வார்த்தை அப்படியே வந்தது. அவன் வாழ்க்கையில் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவள் கையைப் புருவத்திலிருந்து எடுத்தாள். வெளிச்சத்தை நேராகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். மெதுவாகப் பேசுகிற அவள் சத்தமாகச் சிரித்தாள். ஸ்டீயரிங்கில் கையைத் தட்டிக்கொண்டு மச்சான் சிரித்தான். மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்த டிங்கரும் அவிழ்த்துவிட்டார். மூன்று பேர் சிரிக்கிற இடத்தில் கரண்ட் எந்தக் காலத்தில் சும்மா இருந்திருக்கிறான்? கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு நிற்கும்போதே அவன் வாய் திறந்துகொண்டது. சிரித்துவிட்டான்.

அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அவள் சிரிப்பை நிறுத்தினாள். அவன் ஒருவன் சிரிப்பதற்காகவே காத்திருந்தது போல நிறுத்தினாள்.

"இப்பவும் கேலிதானாங்க?" என்றாள்.

தெருவைத் தாண்டி வந்து பையை எடுத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். மச்சான் வண்டியை ஸ்டார்ட் செய்து ஹாரனை அழுத்தினான்.

"இறங்கு மாப்ள, கிளம்பணும்" என்றான்.

கரண்ட் ஏணியைத் தேடிக் காலை வைத்து இறங்கினான்.